சேவற்கொடி லாட்ஜுக்குப் பூட்டு

வாசற்படியை மறித்து நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவள் மடியில் ஒரு துடைப்பம். "எங்களைத் தாண்டி ஒருத்தனும் உள்ள போகக் கூடாது" என்றாள், கடப்பாரையும் சுத்தியலுமாக லாரியில் வந்து இறங்கிய ஆட்களைப் பார்த்து.

ஜீப்பை விட்டு இறங்கிய சப்-இன்ஸ்பெக்டர் தமிழ்மதிக்கு எரிச்சலாக வந்தது. தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்ததும் வராததுமாகத் தைப்பூசம். தேர் நிலைக்கு வந்து சேரும்வரை சரியான தூக்கமில்லை. கூட்டம் கலைந்து ஒருவழியாக மூச்சு விடலாம் என்றிருந்த காலையில் இப்படியொரு போன்.

போன் செய்த லாட்ஜ் முதலாளி மகுடேஸ்வரன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"சிவன்மலை அடிவாரத்துலயே பழைய லாட்ஜ் இதுதானுங்க மேடம். சீசன் முடிஞ்சுது. மூடிட்டு, கட்டடத்தைப் புதுப்பிக்கலாம்னா உடமாட்டேங்கறாங்க. நீங்கதான் எடுத்துச் சொல்லோணும்."

தமிழ்மதி படியருகே போனாள். "ஏம்மா, அவரு கட்டடத்தை அவரு புதுப்பிக்காரு. உங்களுக்கு என்ன?"

"தாராளமாப் புதுப்பிக்கட்டுங்க" என்றாள் துடைப்பம் வைத்திருந்தவள். பெயர் அனுசுயா. சாயம் போன சேலை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு, கையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. "இவிய மூணு பேரும் பொறத்தால இருக்கற ரூம்லதானுங்க குடியிருக்காங்க. அதையும் சேர்த்து இடிக்கறாராமா. மறுக்காத் தொறக்கறப்ப வேலைக்கும் வேற ஆளாமா. இவிய எங்க போவாங்க?"

"திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கா பஞ்சம்? போயிப் பொழைச்சுக்கலாமே" என்றார் மகுடேஸ்வரன்.

"வேலாத்தாளுக்குக் கண்ணுல புரை. அவளைத் தையல் மிஷின்ல உக்காரச் சொல்றீங்களா? பூசத்துக்கு வந்த சனம் போகப் போக, ஒவ்வொரு ரூமாக் கழுவி விட்டாளே, அன்னிக்குத் தெரியலையா உங்களுக்கு, அவளுக்கு வயசாச்சுன்னு?"

பக்கத்தில் இருந்த வேலாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தமிழ்மதிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேலை வேலைதானே.

"எந்திரிங்கம்மா. இல்லைன்னா நாலு பேரையும் ஜீப்புல ஏத்த வேண்டியதுதான்."

ஒருத்தியும் அசையவில்லை. மகுடேஸ்வரன் தமிழ்மதி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மத்தவங்களை ஏத்துங்க மேடம். அனுசுயாவை மட்டும் விட்டுருங்க."

"ஏன்?"

என்னவோ சொல்ல வந்தவர் மென்று விழுங்கினார். "பிரஷர் இருக்குதுங்க."

தமிழ்மதி அவரை மேலும் கீழும் பார்த்தாள். வேலைக்கு நிற்கிற பெண்ணின் பிரஷரைப் பற்றி இந்த மனுஷனுக்கு என்ன இத்தனை கவலை? அவளிடம் எதற்கோ பயப்படுகிறார் என்று தோன்றியது. நேரே அனுசுயாவிடமே கேட்டாள்.

"நீங்க எத்தனை வருசமா இங்க வேலை பாக்குதீங்க?"

"லாட்ஜ் இவரு கைக்கு வந்த நாள்ல இருந்துங்க. ஒரு நாள் லீவு கெடையாது. இங்க முடிச்சுட்டுப் போனா, அங்க அவரு ஊட்டு வேலை. காய்ச்சல்ல கெடந்தாலும் எந்திரிச்சுச் சோறாக்கி வெச்சுட்டுத்தான் மறுபடியும் படுக்கோணும்."

தமிழ்மதிக்குச் சுருக்கென்றது. மகுடேஸ்வரன் பக்கம் திரும்பினாள்.

"லாட்ஜுக்கு வந்த ஆளை வீட்டு வேலையும் வாங்குதீங்களா? முதல்ல உங்க மேலதான்யா கேஸ் போடணும்!"

"ஐயோ மேடம், அது வேற சமாச்சாரமுங்க..."

பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அனுசுயா சிரிக்கவில்லை.

"கேஸெல்லாம் வேண்டாமுங்க. ஏத்தறதுன்னா நாலு பேரையும் ஏத்துங்க. அவரு சொன்னாருன்னு என்னை மட்டும் எதுக்கு உடறீங்க?"

துடைப்பத்தைப் படியில் போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். முதல் ஆளாக ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். மற்ற மூவரும் அவள் பின்னாலேயே ஏறிக்கொண்டார்கள்.

"எறங்கு அனுசுயா. ஊரே பாக்குது" என்று பல்லைக் கடித்தார் மகுடேஸ்வரன்.

"பாக்கட்டும். தேருக்கு வந்த சனமெல்லாம் ஊருக்குப் போயிருச்சேன்னுதான் எனக்கு வருத்தம்."

தேங்காய்பழக் கடைக்காரர்கள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து நின்றார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். மகுடேஸ்வரன் ஓடிப்போய் ஜீப்புக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"சரி, பொறத்தால ரூமைத் தொடலை. தொறக்கறப்ப இவியளே வேலைக்கு வரட்டும். போதுமா?"

"சத்தமாச் சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னார். கடைவீதி முழுக்கக் கேட்டது.

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். வேலாத்தாள், அனுசுயாவின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். கடைசியாக அனுசுயா இறங்க வந்தபோது தமிழ்மதியே ஜீப்பருகே போனாள். தோளைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

"முதலாளியை எதிர்த்து இப்படி நிக்க ஒரு நெஞ்சுரம் வேணும்மா. இனிமே அவரு வீட்டு வேலைக்குப் போகாதீங்க. அதட்டிக் கூப்பிட்டாருன்னா என்கிட்ட வந்து சொல்லுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

"கட்டாயம் சொல்றனுங்க."

"ஸ்டேஷன்ல எழுதி வைக்கணும். உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?"

அனுசுயா தலைத்துண்டை அவிழ்த்து நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பேரச் சொல்ற பழக்கமில்லீங்க. அதா, வேர்த்து ஊத்திட்டு நிக்கறாருங்களே, அவருதான்."