உட்கார்ந்து படிக்கிற படிப்பு

"பொட்டி கட்டுத பேக்கிங் படிக்கவா உன்னய பன்னெண்டு வர படிக்க வச்சேன்? வேற பாருட்டி!"

ஆறுமுகநயினார் போட்ட சத்தத்தில் அந்த அட்மிஷன் ஆபீசின் ஏ.சி. அறையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மகள் இசக்கிசெல்வி நிமிரவில்லை. போனில் பாடப்பிரிவுகளைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"கத்தாதீங்கப்பா. இன்னும் குவாலிட்டி இருக்கு, எலக்ட்ரானிக்ஸ் இருக்கு."

"எதுல உக்காந்து வேல? அதச் சொல்லு. மண்ணூர் குடோன்ல நின்னு நின்னு என் காலெல்லாம் நரம்பு சுருட்டிக் கெடக்கு. எம் மவ நிக்கக் கூடாது."

"ஆன்லைன்ப்பா! இருந்த எடத்துலயே படிக்கலாம்."

"எலக்ட்ரானிக்ஸ் எடுத்துக்கோம்மா. ஃபுல்லா ஏ.சி.," என்றான் டில்லிபாபு. கம்பெனிகள் நிறைந்த ஒரகடத்தில் படிப்புக்கு ஆள் சேர்க்கிறவன். "நீ குந்து பெருசு. இன்னாத்துக்கு இந்தக் கூவு கூவற?"

அவர் உட்காரவில்லை. சுவரில் இருந்த போர்டை விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். தலை நரைத்த பிறகு எழுத்துக் கற்றவர்.

"ஆன்... லைன்... பட்டப் படிப்பு. நடுவுல எதுக்குல எடம் விட்டிருக்கான்? ஒத்த வரி ஒழுங்கா எழுதத் தெரியல, இவன் பாடம் நடத்தப் போறானாக்கும்!"

"ரெண்டும் ஒரே வார்த்தப்பா. சேத்து வாசிங்க. மானத்த வாங்காதீங்க," என்று பல்லைக் கடித்தாள் செல்வி.

எலக்ட்ரானிக்ஸ் என்று முடிவானது. செல்வி கையெழுத்துப் போட்டாள். அசல் மார்க் ஷீட்டை டில்லிபாபு இழுப்பறையில் வைத்துப் பூட்டினான்.

"வாம்மா. இன்னிக்கே கிளாஸ் ஸ்டார்ட்டு."

பின்கதவைத் திறந்தான். உள்ளே நீளமான ஷெட். ஓடுகிற பெல்ட்டின் இரண்டு பக்கமும் நீலச் சட்டைப் பிள்ளைகள் நின்றபடி சார்ஜருக்கு மூடி பொருத்திக்கொண்டிருந்தார்கள். பேருக்குக்கூட ஒரு நாற்காலி இல்லை. சூப்பர்வைசர் பெண் ஒருத்தி செல்வியின் தலையில் தொப்பியை மாட்டி, காலியாக இருந்த இடத்தில் இழுத்து நிறுத்தினாள்.

ஆறுமுகநயினார் பாய்ந்து டில்லிபாபுவின் சட்டையைப் பிடித்தார்.

"ஏலே! ஆன்லைன்னு போர்டு போட்டுத்தானல கையெழுத்து வாங்குன? கம்ப்யூட்டர் எங்கல?"

டில்லிபாபு அவர் கையைத் தட்டிவிட்டு, பெல்ட்டைக் காட்டினான்.

"போர்டுல இன்னா பொய்யா எழுதிட்டேன்? ஆன் தனி, லைன் தனி. உம் பொண்ணு லைன் மேலதான நிக்குது!"