எஞ்சினுக்குத் திருநீறு

“வலது! பெரிய வளைவு! விடாத கண்ணு, மிதி!”

கண்களை இறுக மூடிக்கொண்டு கத்தினார் கந்தசாமி. ஒரு காலத்தில் கார் பந்தயங்களில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளைவு சொன்னவர். பாதையைப் பார்த்தால் பயம் வரும், பயம் வந்தால் வாய் குழறும் என்பது அவர் கட்சி. காலையிலேயே தடத்தை நடந்து பார்த்து மனப்பாடம் செய்துவிட்டார்.

ஸ்டியரிங்கில் மகள் வைஷு. எண்பதுகளில் அவர் பந்தயத்துக்குப் போன அதே சிவப்புக் கார், ஆகுர்டியில் அவள் ஒர்க் ஷாப்பில் சர்வீஸ் முடிந்து இன்றுதான் வெளியே வந்திருந்தது. முன்னால் பறந்துகொண்டிருந்தது மாப்பிள்ளை ஷ்ரேயஸின் புத்தம்புது எலெக்ட்ரிக் ஸ்போர்ட்ஸ் கார்.

பழைய காரை பேட்டரிக்கு மாற்றலாம் என்று வைஷு ஒரு வருஷமாகக் கெஞ்சினாள். அதற்குத்தான் கந்தசாமி இந்தப் போட்டியை வைத்தார்.

“என்ற வண்டி தோத்தா, எஞ்சினக் கழட்டிட்டு உன்ற பேட்டரிய வெச்சுக்க. ஜெயிச்சா, இப்ப இருக்கறபடியே இருக்கோணும். ஒரு ஸ்குரூவத் தொடப்படாது!”

கார் உறுமியது.

“சத்தத்தக் கேட்டியா? மாப்பிள்ளை வண்டி மிக்ஸி மாதிரிகூடக் கத்த மாட்டேங்குது. இது புலி கண்ணு, புலி!”

“வளைவைச் சொல்லுங்கப்பா!”

“இடது! உள்ள புகுந்துரு!”

புகுந்தாள். கந்தசாமியின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு நின்று வந்தது. இளவயதில்கூட இந்தக் கார் இப்படிப் பாய்ந்ததில்லை!

கண்ணைத் திறந்தபோது எல்லைக்கோடு பின்னால் இருந்தது. அதற்கும் பின்னால் ஷ்ரேயஸ்.

“கமால் மாமா! அசத்திட்டீங்க!” என்று இறங்கி ஓடிவந்தான். “என்னோடது நேத்து வந்த கார். அதையே தோக்கடிச்சிடுச்சு!”

கந்தசாமி கீழே இறங்கினார். காரின் மேல் கன்னத்தை வைத்தார். “இத்தன உசுர எங்க ஒளிச்சு வெச்சிருந்த தாயி?”

சட்டைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். “பானெட்டத் தொற கண்ணு. ஜெயிச்சா எஞ்சினுக்குப் பட்டை போடறது நம்ம வழக்கமாச்சே.”

வைஷு நகரவில்லை. “நீங்க கொடுத்த வாக்கு? இப்ப இருக்கறபடியே இருக்கணும். அந்த மருதமலை முருகன் மேல சத்தியமா?”

“முருகன் மேல சத்தியம். எவன் கை வெச்சாலும் வெட்டுவேன்!”

பானெட் திறந்தது.

எஞ்சின் இல்லை. அந்த இடத்தில் ஒரு பேட்டரிப் பெட்டி. பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர்.

“பிரிச்சுப் பாத்தப்பவே எஞ்சின் விரிசல் விட்டிருந்துச்சுப்பா” என்றாள் வைஷு, தலையைக் குனிந்தபடி. “உங்ககிட்டச் சொல்ல மனசு வரல. சத்தம் மட்டும் அதே எஞ்சினோடது, போன வருஷம் நான் பதிவு பண்ணி வெச்சது.”

கந்தசாமி ஸ்பீக்கரை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு மூன்று விரல்களைத் திருநீற்றில் தொட்டுக்கொண்டு குனிந்தார்.

“இதுக்கு நெத்தி எது கண்ணு?”