பத்துக் கண்ணாடி

லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை, கிளைவ் ஸ்கூட்டரை ஓட்டியபடியே புதுக் கோட்டின் தையலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். பாதி வழிக்கு மேல் பின்சீட்டிலிருந்து அவன் காதலி மொரீனின் குரலே வரவில்லை.

“இன்னும் கோவமா? பாதி வழியில தலை சீவ நிறுத்தினது ஒரு குத்தமா?”

பதில் இல்லை. கடற்கரையில் இறங்கித் திரும்பினால், சீட் காலி.

சற்று நேரத்தில், கிளைவ் போன்ற ஸ்கூட்டர் கோஷ்டிக்குப் பரம எதிரியான தோல் ஜாக்கெட்காரன் ஒருவனின் மோட்டார் சைக்கிளிலிருந்து மொரீன் இறங்கினாள்.

“போயும் போயும் இவனோடயா வந்தே?”

“நீ தலை சீவற நேரத்துல டீ வாங்கப் போனேன். வந்து பாத்தா வண்டியக் காணோம்.”

“என் வண்டியில ஸ்டைலுக்குன்னே பத்துக் கண்ணாடி மாட்டியிருக்கேன். பின்னாடி ஆள் இல்லன்னா தெரியாதா எனக்கு?”

“பத்தையும் உன் மூஞ்சிக்கு நேரா திருப்பி வச்சிருந்தா எப்படித் தெரியும்?”

மறுத்துப் பேச வாயெடுத்த கிளைவ், அதற்கு முன் ஒரு கண்ணாடியில் டையைச் சரிசெய்துகொண்டான்.