மலைவீட்டில் இரண்டு பேர்

'இரண்டு பேர். மைனஸ் ஆறு. வாஃபிள் சுட்டோம்.'

மலைவீட்டுப் புத்தகத்தில் இருந்தது கணவன் ஆர்வித்தின் கையெழுத்து. கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே வென்கே அதை மூன்றாம் முறையாகப் படித்தாள். அக்டோபருக்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் வரவே இல்லை. அப்படியானால் அந்த இரண்டாவது ஆள் யார்?

முந்தைய பக்கங்களைப் புரட்டினாள். பிப்ரவரியில் இரண்டு முறை, ஜனவரியில் இரண்டு முறை. ஆலையில் வார இறுதி ஷிப்ட் என்று அவன் சொல்லிவிட்டுப் போன அதே தேதிகள். ஒவ்வொன்றிலும் 'இரண்டு பேர்'.

கிளம்பும்போது தேதியும் குளிரும் எத்தனை பேர் என்பதும் எழுதிவைக்க வேண்டும். ஆர்வித்தின் வீட்டார் சாப்பிடாமல்கூடக் கிளம்புவார்கள், எழுதாமல் கிளம்பமாட்டார்கள். பெண்டாட்டியிடம் வாய் கூசாமல் புளுகியவனுக்கு அந்தப் புத்தகத்திடம் புளுகத் தைரியம் வரவில்லை.

புகைபோக்கியில் விரிசல் விட்டிருக்கிறது, கோடை வரை அங்கே யாரும் அடுப்பு மூட்டக் கூடாது என்று சொன்னவனும் அவன்தான். அடுப்பைத் திறந்து பார்த்தாள். சாம்பல் குவிந்து கிடந்தது.

மகள் இங்வில் ஆகஸ்டில் ட்ரான்ஹைம் நகரத்துக்குப் படிக்கப் போனதிலிருந்தே வென்கேவுக்குச் சரியான தூக்கம் இல்லை. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும். போனில் மகள் குரலைக் கேட்டாலே அழுகை முட்டிக்கொண்டு வரும்.

"பிள்ளையை வளர்த்து ஆளாக்கியாச்சு. இனி உங்களையும் கொஞ்சம் கவனிங்க. ஒரு நாளாவது தனியா எங்கயாவது போயிட்டு வாங்க" என்றார் மருத்துவர்.

அதைக் கேட்டுத்தான் இன்று காலை ஆர்வித் வேலைக்குப் போனதும் பஸ் பிடித்தாள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் பனிச்சறுக்குக் கட்டைகளில் வந்தாள். அடுப்பு இல்லாவிட்டால் என்ன, ஃபிளாஸ்க்கில் காபி இருக்கிறது என்ற தெம்பு. நன்றாகத்தான் தன்னைக் கவனித்துக்கொண்டாள்.

படுக்கையறைக்குப் போனாள். அவள் அக்டோபரில் போட்ட விரிப்பு பெரிய கட்டிலில் கலையாமல் இருந்தது. பக்கத்துச் சின்ன அறையில் இரண்டடுக்குக் கட்டில்தான் மேலும் கீழும் கலைந்து கிடந்தது. தலையணையில் நீளமாக ஒரு முடி. வென்கே கூந்தலைக் குட்டையாக வெட்டிப் பத்து வருடம் ஆகிறது.

சொந்தக் கட்டிலில் அந்த இன்னொருத்தியைப் படுக்கவைக்க மட்டும் உறுத்தியதாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இருபத்தாறு வருடக் குடித்தனம்.

இதைச் சொல்லி அழ மகளை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. சற்றுப் பொறுத்து ஒரு செய்தி வந்தது: 'லைப்ரரில இருக்கேன்மா. நாளைக்குப் பேசறேன்.'

பாவம், படிக்கிற பிள்ளை. ஈஸ்டருக்குக்கூட வர நேரமில்லை என்று போன வாரம்தான் சொன்னாள். அவளை எதற்குக் கலவரப்படுத்துவது? இதைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்று வெள்ளிக்கிழமை. இந்த வாரமும் ஷிப்ட் என்று காலையில் ஆர்வித் சொல்லியிருந்தான். அப்படியானால் வருவார்கள். பனிச்சறுக்குக் கட்டைகளை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தாள். வந்த தடத்தைப் புதுப்பனி ஏற்கெனவே மூடியிருந்தது. கதவை உள்ளே தாழிட்டு, அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

'வாங்க, உங்களுக்காக வாஃபிள் மாவு கரைச்சு வச்சிருக்கேன்' என்று ஆரம்பிப்பதா, இல்லை எழுந்ததும் அவன் கன்னத்தில் ஒன்று வைப்பதா? முடிவுக்கு வரவில்லை. கை சும்மா இருக்காமல் புத்தகத்தை இழுத்து, அடுத்த வரியில் எழுதியது: 'மைனஸ் மூன்று. ஒரு ஆள்.'

நாலரை மணிக்குக் கீழே கார் நின்றது. பனியில் நாலு கால்கள் நடந்து வரும் சத்தம். ஆர்வித் சிரித்தான். அவன் இப்படி வாய்விட்டுச் சிரித்துக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. கூடவே ஒரு பெண் சிரிப்பு.

வென்கே எழுந்து நின்றாள். வாசல் பலகையில் பூட்ஸ் பனியை உதறினார்கள். பூட்டில் சாவி நுழையும்போது அந்தப் பெண் பேசினாள்.

"இங்க வந்தாத்தான்ப்பா, அம்மா அழுகை இல்லாம ரெண்டு நாள் நிம்மதியா இருக்கு."