வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்டது

வீடியோ கேமில் தருண் அனுப்பிய ஃப்ரெண்ட் ரெக்வெஸ்ட்டை அந்த அபார்ட்மென்டில் ஒரு பையனும் ஏற்கவில்லை. தருணுக்குப் பேச்சு திக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அவன் அம்மா சுகந்தி, கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி தாம்பாளத்தில் குங்குமமும் வெற்றிலை பாக்கும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். "என் பையனையும் சேர்த்துக்கச் சொல்லுங்க." குங்குமத்தைத் தொட்டவர்கள் எப்படி மறுப்பார்கள்? அன்று மாலையே திரை நிறையப் பெயர்கள். தருண் சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை. மறுநாளிலிருந்து அத்தனை பெயரும் சாம்பல் நிறத்தில் கிடந்தன. அப்படியென்றால் யாருமே விளையாட வரவில்லை என்று அர்த்தமாம். ஆனால் பக்கத்து வீட்டு அபினவ், "டேய், பின்னாடி வர்றான், சுடுடா!" என்று கத்துவது சுவரைத் தாண்டிக் கேட்டது. சுகந்தி போய்க் கதவைத் தட்டினாள். "நாங்க விளையாடறது அவனுக்குத் தெரியாம மறைச்சு வெச்சிருக்கோம் ஆன்ட்டி," என்றான் அபினவ், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவன் அம்மா சிரித்தாள். "அதான் சேர்த்துக்கிட்டானே, இன்னும் என்ன?" சுகந்தி திரும்பி வந்தபோது தருண் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் காதை ஒட்டி உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கம் ஹோவென்று கூச்சல் எழுந்தது. "நாங்க ஜெயிச்சுட்டோம்மா," என்றான், கொஞ்சமும் திக்காமல்.