பரணில் கிடந்த துணிச்சுருள்

"அப்பா நாடகத்துக்கு சீன் வரைஞ்சவர் சார். அவர் போனப்புறம் பரண்ல இது கிடைச்சுது" என்றான் மகன்.

அருங்காட்சியக அதிகாரி துணிச்சுருளை விரித்தார். வானத்திலிருந்து பார்த்தாற்போல் ஓர் ஊர்.

"இது சீன் இல்ல தம்பி. சண்டை சமயத்துல எதிரி விமானப்படை குண்டு போடப் பழகின துணி. கீழே இதை ஓடவிட்டு, மேலே படுத்துக்கிட்டு குறி பார்ப்பாங்க. எந்த ஊருன்னுதான் தெரியல."

கூட வந்திருந்த அம்மா துணியில் ஓரிடத்தில் விரலை வைத்தாள். "நம்ம தெருடா. இது எங்கம்மா வீடு. குண்டு விழுந்து அவ செத்தது இங்கதான்."

"அப்ப நம்ம வீடு எங்கேம்மா?" என்றான் மகன்.

அவர்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தில் அப்பா ஒரு குளத்தை வரைந்திருந்தார்.

குண்டு விழுந்த அன்று அந்தத் தெருவில் தப்பித்தது அவர்கள் வீடு ஒன்றுதான்.

"எல்லாம் உங்கப்பா செஞ்ச புண்ணியம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனேடா" என்றாள் அம்மா.