கீழ்வீட்டு ஆட்டம்

லோர்னா வீட்டுக்குள் நுழைய எனக்கு ஒரு சாக்கு இருந்தது: என் கேசரோல் பாத்திரம். சாவு வீட்டுக்குச் சமைத்துக் கொடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்றால், அயோவாவில் அடியில் பெயர் ஒட்டிக் கொடுப்பதே அதற்குத்தானே.

கல்லூரிக் கூடைப்பந்து அணி ஜனவரியில் ஜெயித்துத் திரும்பும்போது பேருந்து பனியில் கவிழ்ந்து, அவள் மகன் டிரென்ட் போய்விட்டான். சவப்பெட்டியில் அவனை மழமழவென்று சவரம் செய்து கிடத்தியிருந்தார்கள். நானே எட்டிப் பார்த்தேன்.

அவன் ஆட்டங்களை லோர்னா இணையத்தில்தான் பார்ப்பாள். சமையலறையில் ஒரு கணினி, நிலவறையில் ஒரு கிழட்டுக் கணினி, இரண்டிலும் ஒரே ஆட்டம் ஓடும். மேலே பந்து கூடையில் விழுந்து அவள் கத்தி முடித்த பிறகுதான் கீழே கைதட்டல் கேட்கும்.

இன்று மேலே இருந்தது அணைந்திருந்தது. கீழே சத்தம். விடுவேனா, இறங்கினேன். திரையில் டிரென்ட் ஓடிக்கொண்டிருந்தான்.

"பழைய ஆட்டமா லோர்னா?"

"லைவ்தான் ஜோலீன். இது மெதுவான பொட்டி. அந்தக் கடைசி ஆட்டம் இதுல இன்னும் முடியல."

"அதுல நாமதானே ஜெயிச்சோம்?"

"மேல ஜெயிச்சோம். இங்க ஸ்கோர் சமமாவே நிக்குது, எக்ஸ்ட்ரா டைம் குடுத்துக்கிட்டே இருக்காங்க. முடிஞ்சாதானே பஸ் ஏறணும்."

"என் மாப்பிள்ளைய அனுப்புறேன், வேகமாக்கிக் குடுப்பாரு." என் வாய் சும்மா இருக்காது.

"உன் பாத்திரம் மேல இருக்கு. எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

வெளியே கோடை வெயிலில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். திரையில் எதிரணி ஒரு கூடை முந்தியிருந்தது. கடைசி நொடியில் டிரென்ட் எறிந்தான். மறுபடி சமம். முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினான்.

அவனுக்குத் தாடி வளர்ந்திருந்தது.